கையடக்கத் திரையில் ஓடும் படம் ஏன் மங்குகிறது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

மரக்காணத்து உப்பளங்களை அடுத்து, வங்கக் கடலின் கரையில் அமைந்த மீனவச் சிற்றூர் எக்கியார்குப்பம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வூரில், எங்கள் வீட்டில் எழுந்த ஒரு சிறு வழக்கே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி, ஓராண்டு சேர்த்த பணத்தைக் கொண்டு புதுச்சேரியில் ஒரு கடையில் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்தான். நிற்கும் படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஆனால், பந்து ஓடத் தொடங்கியதும் அதன் பின்னே ஒரு வால் முளைத்தது. வண்டி விரைந்தால் மரங்களும் வீடுகளும் குழைந்து ஓடின. "ராத்திரியெல்லாம் அதையே பாத்துக்கினு இருந்தா கண்ணு கெட்டுப் பூடும்னு அப்பவே சொன்னேன்" என்றார் அம்மா. கடைக்காரரோ, "திரை போயிடுச்சி தம்பி, மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்றார். மீன்பாடு குறைந்திருந்த மாதம் அது. மூவாயிரம் ரூபாய் என்பது அப்பாவின் பல நாள் உழைப்பு. கெட்டது கண்ணா, திரையா என்பதைத் தீர்த்துச் சொல்லும்படி, "இயற்பியல் படிக்கிறவன்" என்ற முறையில் வழக்கு என்னிடம் வந்து சேர்ந்தது.

ஆராய்ந்து பார்த்தபோது, கண்ணும் கெடவில்லை, திரையும் கெடவில்லை என்பது தெளிவாயிற்று. ஓடும் படம் மங்குவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று திரையின் உள்ளே இருக்கிறது. மற்றொன்று திரைக்கும் கண்ணுக்கும் இடையே நிகழ்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை நம் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்புக்கும் நீருக்கும் இடைப்பட்ட நிலை

உப்பளத்துப் பாத்தியில் நாம் காண்பவை இரண்டு நிலைகளே. ஒன்று உவர்நீர், அது திரவம். மற்றொன்று உப்பு, அது படிகம். திரவத்தில் துகள்கள் ஒழுங்கின்றி அலைகின்றன. படிகத்தில் அவை அணிவகுத்து நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, திரவம்போல் ஓடியும் படிகம்போல் ஓரளவு அணிவகுத்தும் இருக்கும் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதுவே திரவப் படிகம்.

பிராகு நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீடிரிக் ரைனிட்சர் 1888ஆம் ஆண்டில் இதனைக் கண்டார். கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் பொருள் 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் அக்கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று வியந்த அவர், ஜெர்மன் அறிஞர் ஓட்டோ லேமனுக்கு எழுதினார். லேமன் அதனைத் தளவிளைவு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, படிகத்தின் பண்பு ஓடும் நீர்மத்திலும் இருப்பதை உறுதி செய்தார்.

தளவிளைவு பெற்ற ஒளி இதனை எவ்வாறு காட்டுகிறது என்பதை நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே அறியலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள இரண்டு போலராய்டுத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் ஒளி அறவே தடைபடும். அவற்றின் நடுவே தெளிந்த உப்புக் கல் ஒன்றை வையுங்கள். இருள் இருளாகவே இருக்கும். உப்பு கனசதுரப் படிகமாதலால் எல்லாத் திசைகளிலும் அதன் ஒளியியல் பண்பு ஒன்றே. அடுத்து, உப்பு விளைவதற்கு முன்பே உவர்நீரிலிருந்து படியும் ஜிப்சத்தின் மெல்லிய செதில் ஒன்றை வைத்துத் திருப்புங்கள்; இருட்டில் ஒளியும் நிறமும் தோன்றும். ஜிப்சத்தில் ஒளி திசைக்கொரு வேகத்தில் செல்வதால் ஒளியின் தளம் மாறுகிறது. திரவப் படிகமும் இவ்வகையில் ஜிப்சத்தை ஒத்தது. ஆனால், ஜிப்சத்தின் துகள்களை நம்மால் திருப்ப இயலாது. திரவப் படிகத்தின் மூலக்கூறுகளையோ ஒரு சிறு மின்னழுத்தம் கொண்டு திருப்பிவிடலாம். திரை என்பது இவ்வொரு வேறுபாட்டின்மீது கட்டப்பட்டதே.

திரை இயங்கும் விதம்

1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் திரவப் படிகக் காட்டிகளை உலகுக்கு அறிவித்தனர். 1970ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்ப்ரிச் ஆகிய இருவரும் முறுக்கு முறையை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே, அறை வெப்பநிலையில் கெடாது நிற்கும் திரவப் படிகங்களை 1973இல் வெளியிட்டார். இவையெல்லாம் சேர்ந்தபின்னரே கைக்கடிகாரங்களிலும் கணக்கிடும் கருவிகளிலும் கறுப்பு எண்கள் தோன்றலாயின.

முறுக்கு முறையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில மைக்ரான் தடிப்பில் திரவப் படிகம் நிரப்பப்படுகிறது. மேல் தகட்டின் உட்பூச்சு ஒரு திசையிலும், கீழ்த் தகட்டின் உட்பூச்சு அதற்குச் செங்குத்தான திசையிலும் தேய்க்கப்பட்டிருக்கும். மூலக்கூறுகள் அந்தந்தத் திசையில் படுத்து, இடையில் சுழற்படிபோல் 90 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே நுழையும் ஒளியின் தளமும் அம்முறுக்கைப் பின்பற்றித் திரும்புவதால், செங்குத்தான இரண்டாவது போலராய்டு வழியே ஒளி வெளியேறுகிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் மூலக்கூறுகள் நிமிர்கின்றன; முறுக்கு அழிகிறது; ஒளி தடைபட்டுப் புள்ளி கறுக்கிறது. பாதி நிமிர்ந்தால் சாம்பல் நிறம். இன்று பெருகியுள்ள ஐ.பி.எஸ். வகைத் திரைகளில் மூலக்கூறுகள் நிமிராமல் படுத்த நிலையிலேயே திரும்புகின்றன எனினும், அடிப்படை ஒன்றேயாம்.

கடும் வெயிலில் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னே விட்டுவந்த கருவியின் திரை கறுத்துப்போய், நிழலில் ஆறியபின் தானாகத் தெளிவதைச் சிலர் கண்டிருக்கலாம். வெப்பம் மிகுந்து திரவப் படிகம் வெறும் திரவமாகிவிடுவதே அதற்குக் காரணம். ரைனிட்சர் கண்ட இரண்டாவது உருகுநிலை அது.

துலங்கல் நேரம்

மின்னழுத்தம் மாறிய கணத்திலேயே மூலக்கூறுகள் திரும்பிவிடுவதில்லை. பாகில் இட்ட கரண்டியைத் திருப்ப நேரம் ஆவதுபோல, அவையும் தம்மைச் சூழ்ந்த நீர்மத்தின் பாகியல் விசையை எதிர்த்தே திரும்ப வேண்டும். ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் காலமே துலங்கல் நேரம் எனப்படும். மாற்றத்தின் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரையிலான காலத்தை அளப்பது வழக்கம். தொடக்கமும் முடிவும் கணக்கில் வாராமையால், உண்மையில் மாற்றம் முற்றுப்பெறும் காலம் அதனினும் நீண்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, மின்னழுத்தம் கொடுக்கும்போது மூலக்கூறுகளைப் புறவிசை ஒன்று தள்ளுகிறது. மின்னழுத்தத்தை நீக்கும்போதோ தள்ளுவார் எவருமில்லை. அவை தம் மீட்சி விசையால் தாமே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பும் காலம் பாகியல் எண்ணுக்கும், தகடுகளின் இடைவெளியின் இருமடிக்கும் நேர் விகிதத்திலும், மீட்சி எண்ணுக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. இருமடி என்பதைக் கவனியுங்கள். உப்பளப் பாத்தியில் நீரின் ஆழத்தைப் பாதியாக்கினால் அது காயும் காலம் ஏறத்தாழப் பாதியாகும். திரையில் இடைவெளியைப் பாதியாக்கினால் காலம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு மைக்ரானைக் குறைக்கவும் போராடுகின்றனர்.

இரண்டாவது, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுவதைவிட, ஒரு சாம்பல் நிறத்திலிருந்து அதனை அடுத்த சாம்பல் நிறத்துக்கு மாறுவது பெரும்பாலும் மெதுவாகவே நிகழும். மின்னழுத்த வேறுபாடு சிறிதாதலால் தள்ளும் விசையும் சிறிது. விளையாட்டில் இருண்ட குகைகளும் இரவுக் காட்சிகளும் வரும்போது வால் நீளக் காண்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது வெப்பநிலை. குளிர்ந்தால் பாகு இறுகும், திரையும் மந்தமாகும். இவ்வுண்மை பின்னர் எங்கள் சோதனைக்குப் பெரிதும் உதவிற்று.

மந்தமான மூலக்கூறுகளை விரைவுபடுத்த ஓர் உத்தி உண்டு. கரையில் கிடக்கும் படகைக் கடலில் இறக்கும்போது முதல் தள்ளு பலமாக இருக்க வேண்டும். நகரத் தொடங்கியபின் அவ்வளவு வேண்டியதில்லை. அதுபோலவே, தேவையான மின்னழுத்தத்தைவிட மிகுதியாக ஒரு கணம் கொடுத்துப் பின்னர்க் குறைத்துக்கொள்வர். இதற்கு ஓவர்டிரைவ் என்று பெயர். அளவு மீறினால் புள்ளி இலக்கைத் தாண்டிச் சென்று, பந்தின் பின்னே கறுப்பு வாலுக்குப் பதிலாக வெளிர் வால் தோன்றும்.

கேம் பாய் முதல் இன்று வரை

கணக்கிடும் கருவியை வைத்துப் பொழுதுபோக்கிய ரயில் பயணி ஒருவரைக் கண்டே, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோகோய்க்குக் கையடக்க விளையாட்டுக் கருவி செய்யும் எண்ணம் பிறந்ததாகச் சொல்வர். 1980இல் அவருடைய கேம் அண்ட் வாட்ச் வெளிவந்தது. அதில் உருவங்கள் நகர்வதில்லை. கைக்கடிகாரத்தின் எண்களைப்போல முன்கூட்டியே அச்சிட்டாற்போன்ற வடிவங்கள் ஒன்று மறைய ஒன்று தோன்றும். ஆகவே மங்கலும் ஒரு குறையாகத் தோன்றவில்லை. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற, பத்துக்கு இருபது கட்டங்கள் கொண்ட செங்கல் விளையாட்டுக் கருவியும் இவ்வகையினதே.

1989இல் வந்த கேம் பாய் வேறு வகை. அதன் திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 படப்புள்ளிகள், நான்கு சாயல்கள், பின்னொளி இல்லை. புள்ளிதோறும் டிரான்சிஸ்டர் வைக்காமல், குறுக்கும் நெடுக்குமான கம்பிகள் வழியாக எல்லாப் புள்ளிகளையும் முறைவைத்து இயக்கினர். இம்முறையில் ஒரு புள்ளிக்குத் தன் முறை வருவது ஒரு சட்டகத்தில் மிகச் சிறிது காலமே. அடுத்த முறை வரும்வரை அது தன் நிறத்தைத் தாங்கி நிற்க வேண்டுமானால், மந்தமாக இருந்தால்தான் முடியும். மந்தம் அங்கே பிழையன்று, அம்முறையின் தேவை. அக்காலத்து இவ்வகைத் திரைகளின் துலங்கல் நேரம் நூறு மில்லி வினாடியையும் தாண்டியது. கேம் பாய் வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்களை அனுப்பியது, அதாவது 16.7 மில்லி வினாடிக்கு ஒரு படம். ஒரு படம் மறைவதற்குள் அடுத்து ஐந்தாறு படங்கள் வந்து அதன்மேல் விழுந்தன. ஓடும் உருவத்தின் பின்னே நிழல் படர்ந்ததில் வியப்பில்லை.

இம்மந்தத்தையே பயன்படுத்திக்கொண்டோரும் உண்டு. ஓர் உருவத்தை ஒன்றுவிட்டொரு படத்தில் மட்டும் காட்டினால், விரைவான திரையில் அது மினுக்கும். மந்தமான திரையிலோ பின்னணி தெரியும் அரைநிழலாகத் தோன்றும்.

அதே 1989இல் அட்டாரி லிங்க்ஸும், 1990இல் சேகாவின் கேம் கியரும் வண்ணத்தோடும் பின்னொளியோடும் வந்தன. ஆயினும் அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. நான்கு பேட்டரிகளில் நீண்ட நேரம் ஓடிய கேம் பாயே வென்றது. அதனோடு அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. மங்கலான திரையை மக்கள் பொறுத்துக்கொண்டனர். தீர்ந்துபோன பேட்டரியைப் பொறுக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு கையடக்கக் கருவியின் திரையையும் தீர்மானிப்பது பேட்டரியே என்பதற்கு இது முதற் பாடம்.

பின்னர்ப் புள்ளிக்கொரு டிரான்சிஸ்டர் வைத்த திரைகள் கையடக்கக் கருவிகளிலும் பரவி, துலங்கல் நேரம் பெரிதும் குறைந்தது. ஆயினும் ஒன்று பெற ஒன்றை இழக்கும் நிலை தொடர்ந்தது. சோனியின் பி.எஸ்.பி. கருவி 2004இல் வந்தபோது வால் நீளமாயிருந்தது. 2008இல் வந்த 3000 வரிசையில் வால் குறைந்தது. ஆனால் ஓடும் படத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிவதாகப் பயனாளர்கள் முறையிட்டனர். 2025 ஜூன் மாதத்தில் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2 கருவியின் 7.9 அங்குலத் திரை, வினாடிக்கு 120 படங்கள் வரை காட்ட வல்லது. அதாவது ஒரு படத்துக்கு 8.3 மில்லி வினாடி. ஆனால் அதன் சராசரித் துலங்கல் நேரம் 33 மில்லி வினாடி அளவில் இருப்பதாகத் திரை ஆய்வாளர்கள் அளந்து கூறினர். புள்ளி ஒரு நிறத்தை எட்டுவதற்குள் நான்கு படங்கள் கடந்துவிடும் என்பது இதன் பொருள். வினாடிக்கு இத்தனை படங்கள் என்னும் எண் வேறு, புள்ளியின் துலங்கல் நேரம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கண்ணின் பங்கு

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். துலங்கல் நேரம் அறவே இல்லாத ஒரு திரை கிடைத்துவிட்டால் மங்கல் முற்றும் நீங்கிவிடுமா? நீங்காது என்பதே வியப்புக்குரிய விடை.

கரிமப் பொருள் தானே ஒளிரும் ஓலெட் திரைகளில் திரும்ப வேண்டிய மூலக்கூறு ஏதுமில்லை. 2011இல் வந்த பிளேஸ்டேஷன் வீட்டா, 2021இல் வந்த ஸ்விட்ச் ஓலெட், 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓலெட் ஆகியவை இவ்வகையின. ஸ்டீம் டெக் ஓலெட்டின் துலங்கல் நேரம் 0.1 மில்லி வினாடிக்கும் குறைவு என்று அதன் நிறுவனம் குறிக்கிறது. ஆயினும், விரைந்து ஓடும் படத்தின் விளிம்பு இவற்றிலும் ஓரளவு மங்கவே செய்கிறது.

கரையோரம் பறக்கும் ஆலாவைப் பார்க்கும்போது நம் விழி இடைவிடாது அதனைத் தொடர்ந்து சுழல்கிறது. பறவையும் இடைவிடாது நகர்வதால், அதன் உருவம் விழித்திரையில் ஒரே இடத்தில் நிலைத்து நின்று தெளிவாகத் தெரிகிறது. திரையில் ஓடும் பந்தோ அவ்வாறு நகர்வதில்லை. அது ஓரிடத்தில் 16.7 மில்லி வினாடி அசையாது நின்று, பின்னர் அடுத்த இடத்துக்குத் தாவி, அங்கும் அசையாது நிற்கிறது. விழியோ நிற்பதில்லை, ஓடிக்கொண்டேயிருக்கிறது. நிற்கும் பந்தின்மீது ஓடும் விழி செல்வதால், பந்தின் உருவம் விழித்திரையில் தேய்ந்து இழுபடுகிறது. இழுபடும் நீளம், பந்தின் வேகத்தை ஒரு படம் ஒளிர்ந்து நிற்கும் காலத்தால் பெருக்கிய தொகையாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏழு அங்குலத் திரை ஏறத்தாழ 155 மில்லிமீட்டர் அகலமுடையது. அகலவாக்கில் 1280 புள்ளிகள் உள்ளன. பந்து அதனை ஒரு வினாடியில் கடப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 60 படங்கள் எனில் இழுபடும் நீளம் 1280 ÷ 60, அதாவது 21 புள்ளிகள், ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர். 90 படங்கள் எனில் 1.7 மில்லிமீட்டர். 120 எனில் 1.3 மில்லிமீட்டர். பல விளையாட்டுகள் வினாடிக்கு 30 புதுப் படங்களையே ஆக்குகின்றன. அங்கே 5 மில்லிமீட்டருக்கு மேல். இக்கணக்கில் துலங்கல் நேரம் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் காண்க. புள்ளி எவ்வளவு விரைந்து மாறினாலும், மாறியபின் அது நின்று ஒளிரும் காலம் மங்கலை உண்டாக்கும்.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் இக்குறை இல்லை. அங்கே மின்கற்றை தாக்கிய இடம் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடியே பளிச்சிட்டு அணைந்துவிடும். விழி ஓடித் தேய்வதற்கு உருவம் அங்கே நிற்பதில்லை. இதனைப் பின்பற்றி, இரு படங்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் படத்தைச் செருகும் முறையும் உண்டு. ஆனால் பாதி நேரம் இருளாயின் ஒளியும் பாதியாகும். அதனை ஈடுசெய்யப் பேட்டரியைச் செலவிட வேண்டும். கண்ணுக்கு மினுக்கலும் தோன்றும். கண் கூசும் உப்பள வெளிச்சத்தில் கருவியை ஏந்தி நிற்பவர்க்கு ஒளி குறைந்த திரையால் என்ன பயன்? ஆகவேதான் மேசைத் திரைகளில் காணும் இம்முறை கையடக்கக் கருவிகளில் அரிது.

வீட்டில் செய்த நான்கு சோதனைகள்

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின், தம்பியின் வழக்கைத் தீர்க்க நான்கு சோதனைகள் செய்தோம். எவரும் செய்து பார்க்கலாம்.

முதற் சோதனை கண்ணுக்கு. பகல் வெளிச்சத்தில் ஒரு செய்தித்தாளைத் தம்பியின் முன்னே இடமிருந்து வலமாகச் சீராக நகர்த்தினேன். நகரும் தாளின் தலைப்பை மட்டுமன்றிச் சிறிய எழுத்துகளையும் அவன் தடையின்றிப் படித்தான். நகரும் பொருளைத் தொடர்ந்து பார்க்கும் திறன் அவன் விழிக்குக் குறைவின்றி இருந்தது. மேலும், திரையில் அவன் கண்ட வாலை அம்மாவும் கண்டார், நானும் கண்டேன்.

இரண்டாவது சோதனை விரலுக்கு. திரையின் நடுவே விரல் நுனியை வைத்து, பந்தைத் தொடராமல் விரலையே உற்று நோக்கினோம். விழி ஓடாதபோது, விழியோட்டத்தால் வரும் மங்கல் வாராது. அப்போதும் பந்தின் பின்னே மங்கிய நிழல் ஒன்று எஞ்சி நின்றது. அது மந்தமான புள்ளிகளின் வேலை. பிறகு பந்தை விழியால் தொடர்ந்தபோது, பின் விளிம்பு மட்டுமன்றி முன் விளிம்பும் குழைந்தது. முன்புறக் குழைவில் விழியோட்டத்தின் பங்கு கூடியிருந்தது. ஆக, காரணங்கள் இரண்டும் அங்கே இருந்தன.

மூன்றாவது சோதனை கைப்பேசிக் கேமராவுக்கு. ஒளிபடும் காலத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாக வைத்து, கேமராவை அசைக்காமல் ஓடும் பந்தைப் படமெடுத்தோம். ஒரே படத்தில் பந்து மூன்று இடங்களில் தெரிந்தது: ஒன்று அழுத்தமாகவும், அதன் பின்னே ஒன்று மங்கலாகவும், மற்றொன்று மிக மங்கலாகவும். கேமராவுக்குக் கண் கெட்டுப்போகவில்லை அன்றோ! முந்தைய இரண்டு படங்கள் மறையாமல் நின்றன என்பதற்கு இது அழியாச் சான்றாயிற்று.

நான்காவது சோதனை பனிக்கட்டிக்கு. கருவியை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி, மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியின்மேல் சில நிமிடம் வைத்து எடுத்தோம். வால் கண்கூடாக நீண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது பழைய அளவுக்கே திரும்பிற்று. கண்ணில் குறை இருந்தால் கருவியைக் குளிரவைப்பதால் அது கூடவோ குறையவோ போவதில்லை. உடைந்த திரை என்றாலும், குளிரோடு வந்து வெப்பத்தோடு போகும் ஒழுங்கு அதற்கு இராது. பாகின் இறுக்கமே வாலின் நீளம் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. ஈரம் உள்ளே படிந்தால் கருவி கெட்டுவிடும். எனவே உறையைப் பிரிக்காமலே பார்க்க வேண்டும் என்பதையும், பிறர் கருவியில் இதனைச் செய்யலாகாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நம் நாட்டின் பங்கு

இத்துறையில் நம்மவர் ஒருவரின் பெயர் உலகறிந்தது. அவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். 1983இல் நோபல் பரிசு பெற்ற விண்மீன் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். இருவரையும் ஒருவரென மயங்குதல் கூடாது. ராமன் பிறந்த 1888ஆம் ஆண்டே ரைனிட்சர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட ஆண்டும் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றிய இவர், 1977இல் தம் குழுவினரோடு புதியதொரு திரவப் படிக வகையைக் கண்டறிந்தார். அதுவரை கோல்போன்ற மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று கருதப்பட்டது. தட்டுப்போன்ற மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியதுபோல் தூண் தூணாக அணிவகுத்துத் திரவப் படிகமாகும் என்று இவர் காட்டினார். அக்கட்டுரை வெளிவந்தது இந்திய ஆய்விதழான பிரமாணாவில். திரவப் படிகங்கள் பற்றி அவர் எழுதிய நூலும் அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1991இல் பெங்களூரில் திரவப் படிக ஆய்வு மையம் ஒன்றையும் அவர் நிறுவினார். 2004இல் அவர் மறைந்தார்.

இக்கண்டுபிடிப்பு துலங்கல் நேரத்தைக் குறைப்பதற்கன்று. முறுக்கு முறைத் திரையைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறித் தோன்றும் குறை ஒன்றுண்டு. தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலத்தை மேலே ஒட்டி அக்குறையைப் பெரிதும் போக்கினர். ஓரிடத்தில் நில்லாது கையில் சாய்ந்தும் திரும்பியும் இயங்கும் கருவிக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்

கருவியோ திரையோ வாங்கச் செல்லும் நண்பர்கள் பெட்டியின்மேல் "1 மில்லி வினாடி" என்று அச்சிட்டிருப்பதைக் காண்பர். அது எதன் அளவு என்று கேட்டறிய வேண்டும். சாம்பலிலிருந்து சாம்பலுக்கு மாறும் காலமாயின், எல்லா நிற மாற்றங்களின் சராசரியா, அவற்றுள் மிக விரைவான ஒன்றா? ஓடும் படத்தின் மங்கலை அளந்த எண்ணாயின், ஒளியைக் குறைத்து மினுக்கவைத்துப் பெற்றதா? வினாடிக்கு இத்தனை படங்கள் என்னும் எண்ணாயின், அக்காலத்துக்குள் புள்ளி மாறி முடிகிறதா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத எண் வெறும் விளம்பரமே. வாய்ப்பிருந்தால் கடையிலேயே ஓடும் காட்சி ஒன்றைக் காட்டச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்துவிடலாம்.

முடிவுரை

எங்கள் வீட்டு வழக்கு இவ்வாறு தீர்ந்தது. திரையை மாற்றவில்லை. அதே வகைத் திரையை மீண்டும் பொருத்தினால் அதே வால்தான் மீண்டும் வரும் என்பதை அப்பா முதலில் புரிந்துகொண்டார். மூவாயிரம் ரூபாய் வலை வாங்கப் போயிற்று. தம்பியோ இருட்டுக் காட்சி மிகுந்த விளையாட்டுகளை விட்டு, மெதுவாக நகரும் சதுரங்கத்துக்கும் புதிர்களுக்கும் மாறிவிட்டான். அவற்றில் வால் தெரிவதில்லை. கண் கெடவில்லை என்று ஒப்புக்கொண்ட அம்மா, "அதுக்காக ராத்திரி பூரா பாக்கச் சொல்லல" என்று தம் தீர்ப்பின் மறுபாதியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் இயற்பியல் குறுக்கிட இடமில்லை.

நாம் வகுப்பில் படிக்கும் தளவிளைவும், பாகியலும், மீட்சியும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு கடைக்காரரின் சொல்லையும் ஒரு தாயின் அச்சத்தையும் சோதித்துப் பார்க்கும் கருவிகளாக அவை நம் வீட்டுக்குள்ளும் வரக்கூடியவை. ஆய்வுக்கூட அலமாரியில் போலராய்டுத் தகடுகள் இரண்டு இருக்கின்றன. உப்பளத்தில் உப்பும் ஜிப்சமும் கிடைக்கின்றன. விரும்பும் நண்பர்கள் பேராசிரியரின் இசைவு பெற்று, அச்சிறு சோதனையிலிருந்தே தொடங்கலாம்.